கரும்பலகையில் பாஸ்வேர்டு எழுதிய டீச்சர்

புதிதாகக் கம்ப்யூட்டர் ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு சுவரொட்டியைக் கொடுப்பார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, முன்பின் தெரியாதவரோடு பேசாதே, கேட்காமல் பிறர் படத்தைப் போடாதே என்று வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். லேப் சுவரில் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டுங்கள், தப்பில்லை. நானும் ஒட்டினேன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் என் வேலைக்காலத்தின் மகா முட்டாள்தனத்தைச் செய்தேன். அதுவும் நாலு பேர் பாராட்டும்படி செய்தேன்.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஆனால் அந்த நாளைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் உற்சாகம் தாங்கவில்லை. காலை பத்து மணிக்குக் குற்றவாளியாக இருந்த ஒரு பெண் மாலை நாலு மணிக்கு முழுப் பள்ளிக்கூடத்துக்கும் டீச்சர் ஆனாள். நடுவில் அவளைக் கிட்டத்தட்ட வெளியே தள்ளியது நான். அதனால் பொறுமையாகக் கேளுங்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் பெண்கள் பள்ளி. அறுநூறு சொச்சம் பிள்ளைகள். பாதிப் பேர் நடந்து வருகிற தூரம். மீதிப் பேர் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று எங்கிருந்தோ பஸ் பிடித்து வருவார்கள். முன்பு ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள். அரசு குடிமாற்றி வீடு ஊர்க்கோடிக்குப் போன பிறகும் பள்ளியை விடாதவர்கள். மழை நாளில் இரண்டாம் பீரியடுக்குச் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள்.

ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்ததும் எங்களுக்கும் இணைய வசதி வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி பெயரில் ஒரு கணக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் இணையத்தில் ஒரு பக்கம். ஆசிரியர்கள் அதில் வீட்டுப்பாடம் போடுவார்கள், பிள்ளைகள் பதில் போடுவார்கள், பெற்றோர் எட்டிப் பார்ப்பார்கள். இத்தனை கணக்கையும் உருவாக்கியது நான் ஒருத்திதான்.

கணக்கு போட்டுக் கொடுத்த மறுநாளே லேப் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். "மிஸ், பாஸ்வேர்டு மறந்துட்டேன்." "மிஸ், எழுதி வெச்ச பேப்பர் நனைஞ்சிடுச்சு." தினமும் இருபது பேர். பாடம் நடத்த முடியவில்லை, டீ குடிக்க முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு யோசனை செய்தேன். பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த தேதியும் மாதமும். அவ்வளவுதான் பாஸ்வேர்டு. யாருக்கும் தன் பெயர் மறக்காது, பிறந்தநாளும் மறக்காது. ஆசிரியர்களுக்கும் அதே முறை. வாசலில் வரிசை மறுநாளே மறைந்தது. ஸ்டாஃப் மீட்டிங்கில் தலைமையாசிரியை என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். வழியில் எனக்கு நானே ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் பள்ளியின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளியிலும் இருக்கும். பிறந்தநாள் என்றால் அன்று மட்டும் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வரலாம். காலைப் பிரார்த்தனையில் மேடை ஏறி மைக்கில் தன் பெயரையும் வகுப்பையும் சொல்ல வேண்டும். பள்ளி முழுக்கக் கைதட்டும். பிறகு சாக்லேட் டப்பாவோடு எல்லா வகுப்புக்கும் ஒரு சுற்று. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடவே வர ஒரு தோழியைத் தேர்ந்தெடுக்கலாம். யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது வகுப்பில் பெரிய விஷயம். அதற்காகச் சண்டையே நடக்கும்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் அன்றைய தேதி, 'இன்று பிறந்தநாள் கொண்டாடுவோர்' என்ற தலைப்பு, கீழே பெயர்கள். பிறந்த தேதிப் பட்டியல் என் கணினியில்தான் இருந்தது, என் கையெழுத்தும் குண்டு குண்டாக அழகாக இருக்கும். ஆகவே தினமும் காலையில் கலர் சாக்பீஸில் அதை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பூ எல்லாம் வரைவேன்.

இரண்டு வருடம் அப்படி எழுதினேன். ஒரு நாள்கூட மண்டையில் உறைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பரீட்சையில் 'பாஸ்வேர்டை யாரிடமெல்லாம் சொல்லலாம்' என்று ஒரு மார்க் கேள்வி வைப்பேன். 'யாரிடமும் சொல்லக் கூடாது' என்று எல்லோரும் சரியாக எழுதுவார்கள். நானும் பெரிதாக டிக் போட்டு மகிழ்ந்து போவேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நான் உள்ளே நுழையும்போதே பியூன் ஓடி வந்து, எச்.எம். கூப்பிடுகிறார் என்றார். போனால் தலைமையாசிரியை, வேதியியல் சார், பதினொன்றாம் வகுப்பு சங்கீதா மூவரும் நிற்கிறார்கள். யாரும் உட்காரவில்லை. எச்.எம். தன் போனை என்னிடம் நீட்டினார்.

பதினொன்றாம் வகுப்பின் பக்கம் திறந்திருந்தது. அதில் ஒரு படம். வேதியியல் சார் ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் பிளந்து தூங்குகிறார். ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறார்கள். கீழே, 'நமக்கு மார்க் வராததற்குக் காரணம்' என்று ஒரு வரி. முந்தின நாள் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு சங்கீதாவின் கணக்கிலிருந்து வந்திருந்தது. எச்.எம். கண்ணில் படுவதற்குள் பெற்றோர் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். யாரோ ஓர் அப்பா சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார்.

வேதியியல் சார் கோபக்காரர்தான். ஆனால் அன்று கத்தவில்லை. "எனக்குச் சக்கரை. மாத்திரை போட்டா மத்தியானம் கண்ணைச் சொருகிண்டு வரும். சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிஷம் சாஞ்சேன். என் பொண்ணே இதைப் பார்த்துட்டு, என்னப்பா இதுன்னு கேக்கறா," என்றார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

சங்கீதா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளிப் பெண். கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள். "நான் போடல மிஸ். சத்தியமா நான் போடல. அந்த நேரத்துல நான் பஸ்ல இருந்தேன். என்கிட்ட போனே இல்ல," என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

எச்.எம். என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வேற யாராவது இவ பேர்ல போட்டிருக்க முடியுமா?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். எனக்கு முன்னால் மனம் நொந்த ஒரு மனிதர் நின்றார். பதில் உடனே வேண்டும் என்று எல்லோரும் பார்த்தார்கள். 'எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் பட்டென்று பதில் சொல்ல வேண்டும் என்ற கர்வம். "பாஸ்வேர்டு இல்லாம உள்ளே போக முடியாது மேடம். அவ கணக்குல இருந்துதான் வந்திருக்கு," என்றேன்.

இரண்டும் உண்மையான வாக்கியங்கள்தான். சேர்த்து வைத்தால் பொய்யான தீர்ப்பு. சங்கீதா என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வராங்க. டிசி எழுதிக் கொடுத்துடலாம். சாருக்கு நடந்ததை நான் விட முடியாது," என்றார் எச்.எம். பதினொன்றாம் வகுப்பின் நடுவில், ஒழுங்கீனம் என்ற காரணத்தோடு டிசி வாங்கினால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அது எச்.எம்முக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சங்கீதாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அவள் வீட்டில் அடுத்த பேச்சு வேலைக்கு அனுப்புவதாகத்தான் இருக்கும்.

நான் லேபுக்கு வந்துவிட்டேன். ஆறாம் வகுப்புக்குப் பாடம். மனம் ஓடவில்லை. எங்கள் பள்ளிக்குக் கிடைத்த இலவச வசதியில் யார், எந்த இடத்திலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்றெல்லாம் பார்க்க வழியில்லை. சும்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் பாட்டுக்குக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

அன்று பிறந்தநாள் கொண்டாடிய ஒரு குட்டி மஞ்சள் பாவாடையில் வந்து என் மேஜைமேல் ஒரு சாக்லேட் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "மிஸ், பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது," என்று அழுதுகொண்டு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் பாவாடை அவளை அதட்டியது. "உன் பர்த்டே பதினஞ்சு இல்லடி, பதினாறு! போன மாசம் போர்டுல எழுதியிருந்தாங்கல்ல? போய் பதினாறு போடு!"

அவள் போய்ப் போட்டாள். திறந்தது.

நான் கையில் சாக்லேட்டோடு அப்படியே உறைந்துவிட்டேன். "ஏம்மா, அவ பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் எல்லாருதும் தெரியும் மிஸ்," என்றாள் அது ஒரு விஷயமா என்பதுபோல. "நீங்கதான தெனமும் போர்டுல எழுதிப் போடுறீங்க? லீவு போட்டவங்களுக்கு நாங்களே ஹோம்வொர்க் போட்டு விடுவோம்."

சுவரொட்டி என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று பத்து.

எழுந்து ஓடினேன். ஐம்பத்தேழு வயதில், மூட்டுவலிக்காரி, இரண்டு மாடிப் படிகளையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாதியில் ஒரு செருப்பு கழன்றுபோனது. அதை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு எச்.எம். அறைக்குள் நுழைந்தேன்.

சங்கீதாவின் அம்மா வந்திருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு வீடுகளில் சமையல் செய்பவர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார், முந்தானையில் மஞ்சள் கறை. மேஜைமேல் டிசி புத்தகம் திறந்திருந்தது. எச்.எம். பேனாவை எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா இது அநியாயமா கீது," என்று அந்த அம்மா குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். "வூட்ல ஒரு போனுதான் கீது. அத்தையும் நான் வேலைக்கு எட்த்துகினு பூடுறேன். எம் பொண்ணு எத்த வெச்சி போட்டா எடுப்பா? எத்த வெச்சி போடுவா? இன்னான்னு கேக்காமயே எய்திக்கினு கீறீங்களே!"

"மேடம், எழுதாதீங்க," என்றேன் மூச்சு வாங்க. "காலையில நான் சொன்னது தப்பு. அவ கணக்கை யார் வேணும்னாலும் திறந்திருக்கலாம்."

வேதியியல் சார் நிமிர்ந்தார். "காலம்பர ஒண்ணு சொன்னேள், இப்போ ஒண்ணு சொல்றேள். இந்தம்மா அழறான்னு மாத்திப் பேசறேளா?"

அவர் கேட்டது நியாயம்தான். வாயால் சொன்னால் நம்பமாட்டார். செய்து காட்ட வேண்டும். எதைத் திறந்து காட்டுவது? எதிரிலேயே கணினி. சாரின் கணக்கையே அரை நிமிடத்தில் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டலாம். விரல் துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் கேட்காமல் படம் எடுத்ததுதான் அங்கே குற்றம். நானும் அவரைக் கேட்காமல் அவர் கதவைத் திறந்தால் எனக்கும் ஜன்னலோரம் நின்று படம் பிடித்தவளுக்கும் என்ன வித்தியாசம்? எந்தப் பிள்ளையின் கணக்கையும் தொட எனக்கு உரிமை இல்லை. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு கணக்குதான்.

"சார், என் பிறந்தநாள் எப்போன்னு தெரியுமா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எச்.எம்., "போன மாசம்தானே? ஸ்டாஃப் ரூமுக்குக் கேசரி கொண்டு வந்தீங்களே," என்றார்.

"தேதி எனக்குத் தெரியும்," என்றார் சார். "அன்னிக்கு ஏகாதசி. எல்லாரும் ரெண்டு ரெண்டு கரண்டி போட்டுண்டு சாப்பிட்டேள். நான் மட்டும் வாசனை பிடிச்சிண்டு உக்காந்திருந்தேன்." தேதியையும் சரியாகச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இவ்வளவு பட்ட பிறகும் எழுதினால் எனக்கு விமோசனமே கிடையாது.

"உக்காருங்க சார். என் பேர்ல நாலு எழுத்து. அப்புறம் அந்தத் தேதி, மாசம். நீங்களே அடிங்க."

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வெளியே சந்தில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனது மட்டும் கேட்டது. கடைசி எண்ணை அடித்துவிட்டு, இப்போது எதை அழுத்த வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அழுத்தினார்.

திறந்துகொண்டது. என் கடிதங்கள், என் கேள்வித்தாள்கள், கூடவே பள்ளியின் அத்தனை கணக்குகளையும் மாற்றவும் மூடவும் செய்கிற பகுதி, எல்லாம். அறுநூறு சொச்சம் பெயர்களும் வரிசையாக அவர் கண் முன்னே வந்தன. என் சோம்பேறித்தனத்தில் எனக்கும் அதே பூட்டைத்தான் போட்டிருந்தேன்.

சார் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார். "அப்போ என்னோடதும்?"

"ஆமாம் சார். எல்லாருடையதும். இதுல பாதியை நானே வாசல்ல கலர் சாக்பீஸ்ல எழுதிப் போட்டிருக்கேன்."

எச்.எம். டிசி புத்தகத்தை மூடினார். இன்றைக்கும் அந்தச் சத்தம் என் காதில் இருக்கிறது.

சங்கீதாவின் அம்மாவுக்கு எங்கள் பேச்சு முழுதாகப் பிடிபடவில்லை. "அப்போ எம் பொண்ணு போட்ல?" என்று கேட்டார். "போட்டான்னு சொல்ல எங்ககிட்ட எதுவுமே இல்லம்மா. நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா நீ, கம்ப்யூட்டர் டீச்சர்தான? உனுக்கே தெர்லன்னா யாருக்குத் தெரியும்?" என்றார். அதைவிடச் சரியாக என்னை யாரும் கேட்டதில்லை. நான் தலையாட்டினேன். அவர் என் காலைப் பார்த்து, "செருப்பு ஒண்ணு எங்க?" என்றார். சங்கீதா முதல்முறையாகச் சிரித்தாள்.

எச்.எம்முக்கு ஒரு தயக்கம். இது வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் என்னாவது, கமுக்கமாக மாற்றிவிடலாமே என்றார். "மேடம், ஆறாங்கிளாஸ் பசங்களுக்கே தெரிஞ்ச ரகசியம். தெரியாதது நமக்கு மட்டும்தான்," என்றேன். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவரே பெல் அடிக்கச் சொன்னார்.

மதியம் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் உட்கார வைத்து மைக்கைப் பிடித்தேன். சங்கீதா போட்டாள் என்று நான் சொன்னது தவறு, அவள் பெயரில் வேறு யாரோ நுழைந்திருக்கலாம், அந்தக் கதவைத் திறந்து வைத்தது நான், அவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். போட்டது யார் என்று நான் தேடப்போவதில்லை, இன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொருத்தரும் தன் பூட்டைத் தானே மாற்ற வேண்டும், எனக்கும் தெரியக் கூடாது என்றும் சொன்னேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு டீச்சர் மைக்கில் மன்னிப்புக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை போலும்.

அடுத்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அறுநூறு பேர், உயிரோடு இருந்த கணினிகள் இருபத்தாறு. வகுப்பு வகுப்பாக வரிசை மாடிப்படி தாண்டி மைதானம் வரை நின்றது. எனக்கு உதவி வேண்டும் என்று நிமிர்ந்தால், கேட்காமலே சங்கீதா வந்து நின்றாள். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தாள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். ஒருத்தி அடிக்கும்போது பக்கத்தில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் 'பார்க்காதே, பார்க்காதே' என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு பலனும் இல்லை. சங்கீதா பெஞ்சுமேல் ஏறி நின்றாள். "எல்லாரும் கேளுங்க. உக்காந்திருக்கவங்க அடிக்கப் போறப்ப நான் முதுகுன்னு சொல்லுவேன். நிக்கறவங்க எல்லாரும் திரும்பி முதுகு காட்டணும். மிஸ், நீங்களும்தான்!"

"முதுகு!" என்று அவள் குரல் கொடுத்ததும் வரிசை முழுக்கச் சுவர் பக்கம் திரும்பியது. நானும் திரும்பினேன். குட்டிகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. சிறிது நேரத்தில் பள்ளி முழுக்க, "முதுகு! முதுகு!" என்று ஒரே சத்தம். எதை வைப்பது என்று விழித்த பிள்ளைகளுக்கும் அவளே வழி சொன்னாள். "உன்னைப் பத்தி உண்மை எதையும் வைக்காத. பொய்யா வை. நீ போகாத ஊரு, உனக்குப் பிடிக்காத சாப்பாடு, இல்லாத அண்ணன். மூணு பொய்யைச் சேர்த்து வை. யாரு கண்டுபிடிப்பா?" பத்து வருடமாக நான் சொல்லிக் கொடுத்த பாடத்தைவிட அது நன்றாக இருந்தது. வேதியியல் சாரும் வரிசையில் வந்து உட்கார்ந்தார். "முதுகு!" என்று சங்கீதா சொன்னாள். எச்.எம். உட்படத் திரும்பினோம்.

பதினொன்றாம் வகுப்பு கடைசியாக வந்தது. அதில் ஒருத்தி தன் முறை வந்தும் உட்காரவில்லை. சங்கீதாவின் பெஞ்சுத் தோழி. அடையாறிலிருந்து வருபவள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவளுக்கும் இன்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், நான்தான்," என்றாள்.

வேதியியல் சார் அவளை முந்தின வாரம் வகுப்பு முன்னால் திட்டியிருக்கிறார். கோபத்தில் படம் எடுத்து, வீட்டுக்குப் போய் அண்ணனின் கணினியிலிருந்து போட்டிருக்கிறாள். தன் பெயரில் போடப் பயம். டிசி வரை போகும் என்று நினைக்கவில்லையாம். மைக்கில் நான் பேசும் வரை, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சங்கீதா பெஞ்சிலிருந்து இறங்கினாள். சத்தமே போடவில்லை. "ஏண்டி என் பேருல போட்ட? கிளாஸ்ல நாப்பது பேரு இருக்காங்கல்ல?"

"உன் பர்த்டேதாண்டி எனக்கு போர்டைப் பார்க்காமலே ஞாபகம் இருக்கும்," என்றாள் அவள், விம்மிக்கொண்டே.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பூட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம். ஒருத்தியை நன்றாகத் தெரிந்தவள்தான் அவளை மிக எளிதாகக் காயப்படுத்த முடியும் என்பதை எந்தச் சுவரொட்டியில் எழுதுவது?

எச்.எம். மறுபடியும் டிசி புத்தகத்தை எடுக்கவில்லை. காலையில் அவசரப்பட்டது அவருக்கும் உறைத்திருந்தது. அந்தப் பெண் தன் பெயரில், அதே பக்கத்தில், பெற்றோர் எல்லாரும் பார்க்கும்படி நடந்ததை எழுத வேண்டும் என்றார். எழுதினாள். பிறகு வேதியியல் சார் முன்னால் போய் நின்றாள். அவர், "இனிமே படம் எடுக்கணும்னா என்னைக் கேட்டுட்டு எடு. தலை வாரிண்டு, கண்ணைத் திறந்து வெச்சிண்டு உக்காந்துக்கறேன்," என்றார். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

சங்கீதா மட்டும் அவளோடு பேசவில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். பேசச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை. நீங்களும் இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு பிள்ளைகளைக் கைகுலுக்க வைத்துப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிபட்டவளுக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பிறந்தநாள் பலகையை நிறுத்திவிடலாமா என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பலகைமேல் என்ன தப்பு? கொண்டாட வேண்டியதைக் கொண்டுபோய்ப் பூட்டில் மாட்டியது நான்தானே. மறுவாரம் முதல் இன்னும் பெரிய பூவாக வரைந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பட்டியலைப் பார்த்தால், சங்கீதா பெயர். பலகை முழுக்க அவள் ஒருத்திதான். இருந்த கலர் சாக்பீஸ் அத்தனையையும் தீர்த்துவிட்டேன்.

நீல நிறச் சுடிதாரில் வந்தாள். கூட யார் வருகிறார்கள் என்று பள்ளி முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவளுக்கு இரண்டடி பின்னால், சாக்லேட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அந்தப் பெஞ்சுத் தோழி வந்தாள். பக்கத்தில் வேதியியல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சங்கீதா மேடை ஏறி மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள். பெயரையும் வகுப்பையும் சொன்னாள். வழக்கமாக அதோடு இறங்கிவிடுவார்கள். அவள் இறங்கவில்லை. டப்பாவோடு நின்றவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தாள்.

"இன்னிக்கு என் பர்த்டே," என்றாள். "எல்லாரும் நல்லா நோட் பண்ணிக்கங்க!"

பள்ளிக்கூடமே அதிரக் கைதட்டியது. டப்பாவை வைத்திருந்தவளும், அதைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.